கைவிசேஷம் டிப்ஸ் அல்ல

1

கப்பல் அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் பார்த்தது கடலை அல்ல, ஓர் அட்டையை. தலையணைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அறையைச் சுத்தம் செய்வது இனிமேல் நாளுக்கு ஒரு தடவைதான். காலையா, மாலையா என்று கட்டத்தில் புள்ளடி இடவும். சுற்றுச்சூழல்மீது உங்களுக்குள்ள அக்கறைக்கு நன்றி. பின்பக்கத்தில், இன்னும் சிறிய எழுத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் எங்கள் கணக்கில் தானாகவே சேரும் என்றிருந்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசிப்பது முன்பு கண்டியில் பத்திரிகைக் கந்தோரில் வேலை செய்தபோது பழகிய பழக்கம். வேலை பாதியாகியிருந்தது. கட்டணம் பழையபடியே இருந்தது.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் வாங்கித் தந்த பயணம் அது. சவுத்தாம்டன் துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு நாள். நாங்கள் கிழக்கு லண்டனில் இருக்கிறோம். நான் தபால் பிரிக்கும் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி தவமணி இருபது வருடமாக ஓர் ஆஸ்பத்திரி வார்டைத் துடைக்கிறாள். மற்றவர்கள் மேல்தளத்துக்குப் போய்க் கரைக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கட்டிலின் கீழே குனிந்து தூசு இருக்கிறதா என்று பார்த்தாள்.

அப்போது அறைப் பணியாளர் கதவைத் தட்டினார். அறுபதை நெருங்கும் வயது. சட்டையில் ஒரு தகடு: லோகன், ஸ்ரீலங்கா. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டவர், ஆங்கிலத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

"நீங்க எந்தப் பக்கம் சேர்?"

கண்டி, அம்பிட்டிய என்றேன்.

"அட. நான் பன்வில சேர். பதினோரு வருசமாக் கப்பல்ல இருக்கேன், நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரு ரூமுக்கு வந்ததே இல்ல."

சந்தோஷத்தில் தேவையில்லாமல் விரிப்பை ஒரு தடவை இழுத்துவிட்டார். மூலையை மடித்து மெத்தைக்கடியில் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். தவமணி சன்னலோரம் நின்றிருந்தாள். இரண்டாவது தட்டில் திரும்பிப் பார்த்தாள்.

அவர் போனபிறகு, "அவருதான்," என்றாள்.

அம்பிட்டியவிலும் பன்வில பக்கத்திலும் இதை வாசிப்பவர்களில் சிலருக்குத் தவமணியைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களும் அவளைப் பற்றி ஒன்று கேள்விப்பட்டிருப்பார்கள்: ஹோட்டலில் டிப்ஸ் திருடி வேலையால் நிறுத்தப்பட்ட பிள்ளை என்று. அந்தப் பேச்சுக்கு இருபத்தெட்டு வயதாகிறது. அதை முடித்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

கண்டி வாவிக்கு மேலே, மரங்களுக்குள் ஒளிந்த மாதிரி ஒரு ஹோட்டல் இருந்தது. இப்போது கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. தவமணி அங்கே அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பன்வில தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து போனாள்.

அவளுக்கு வேலை பழக்கியவர் மேற்பார்வையாளர் லோகநாதன். அவரும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். அந்த ஹோட்டலில் எங்கள் ஆட்களுக்குள் முதலில் டை கட்டியவர் அவர் என்று தவமணி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, மடித்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் சுருக்கம் எப்படிப் போகும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தவர் அவர். லண்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தவமணி அப்படித்தான் தட்டுகிறாள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. விருந்தாளிகள் தலையணையிலோ மேசையிலோ விட்டுப்போகும் பணம் முழுவதும் துணி அறையிலிருந்த பூட்டுப்போட்ட பெட்டிக்குள் போகவேண்டும். சனிக்கிழமை லோகநாதன் திறந்து எல்லோருக்கும் பிரிப்பார். தவமணி ஒன்றரை வருடம் ஒரு சதமும் வெளியே வைத்ததில்லை.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. சிங்களப் பணியாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தமிழர்களிலும் பாதிப்பேர் லீவு. இரட்டைச் சம்பளம் என்பதால் தவமணி நின்றாள். அவள் துடைத்த அறையொன்றில் வயதான ஆங்கிலேயப் பெண் ஒருவர் மூன்று வாரமாகத் தங்கிப் பறவைகளை வரைந்துகொண்டிருந்தார். நாளைக்கு உங்களுக்கு என்ன விசேஷம் என்று அவர் கேட்டிருக்கிறார். தவமணி தனக்கு வந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தியிருக்கிறாள். நல்ல நேரத்தில் வயதில் மூத்தவர் வெற்றிலையில் காசு வைத்துக் கையில் தருவார், அதற்குக் கைவிசேஷம் என்று பெயர், அதைச் செலவழிக்கக்கூடாது, அடுத்த வருடம் வரைக்கும் சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கவேண்டும்.

அந்த அம்மையார் அன்று மாலையே முச்சக்கர வண்டி பிடித்துச் சந்தைக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்திருக்கிறார். மறுநாள் பேப்பரில் போட்டிருந்த நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்குத் தவமணியைக் கூப்பிட்டு, நூறு ரூபாய்த் தாளை வெற்றிலையில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். மதியம் நுவரெலியாவுக்கு ரயில் ஏறிப் போய்விட்டார்.

தவமணி அதைப் பெட்டியில் போடவில்லை. போடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை. கைவிசேஷத்தைச் சனிக்கிழமை பதினான்கு பேருக்குப் பிரித்துக்கொடுப்பதை நம்மில் யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். மாலை வாசலில் பையைச் சோதித்தார்கள்.

மேலாளர் ஐரோப்பாவிலிருந்து வந்து எட்டு மாதம் ஆனவர். தவமணி சொன்னதை முழுவதும் கேட்டார். அந்த நேரத்தில் கந்தோரில் இருந்தவர்கள் மூன்று பேர்: மேலாளர், லோகநாதன், சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அலவத்துகொட நியாஸ் நானா. சிங்களப் பணியாளர்களில் ஒருவர் இருந்திருந்தால், புத்தாண்டுக்குத் தாங்களும் நல்ல நேரம் பார்த்துக் காசு கைமாற்றுவோம் என்று சொல்லியிருப்பார். ஒருவரும் இல்லை. மேலாளர் லோகநாதனிடம் திரும்பி, உங்கள் மக்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை சேர்," என்று லோகநாதன் ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் மக்களிடம் அப்படி ஒரு வழக்கம் இல்லை."

ஒரு வருடம் முன்பு, இதே புத்தாண்டன்று, இதே லோகநாதன் துணி அறையில் வைத்துத் தவமணிக்குப் பத்து ரூபாய் கைவிசேஷம் கொடுத்திருந்தார்.

நூறு ரூபாய் பெட்டிக்குள் போனது. வெற்றிலையைக் குப்பைக் கூடையில் போட்டார்கள். வேலை போனதைவிட அதைத்தான் தவமணி இன்றைக்கும் சொல்வாள்.

3

அந்த வருடங்களில் நான் கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே மாடியில் இயங்கிய ஒரு தமிழ் வார இதழில் செய்தியாளனாக இருந்தேன். விளம்பரம் வாங்கும் பெண் லீவில் போனால் அந்த மேசையும் என்னுடையது. மே மாதம் ஒரு நாள் தவமணி அங்கே வந்து, ஒரு விளம்பரம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். என்ன விளம்பரம் என்றேன்.

"நான் களவெடுக்கலன்னு போடணும்."

எங்களிடம் மரண அறிவித்தல் இருந்தது, நன்றி நவிலல் இருந்தது, மணமகன் தேவை இருந்தது, காணாமற்போன அடையாள அட்டை இருந்தது. இதற்கு ஒரு தலைப்பும் இல்லை. அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. வேறு எங்கே போடுவார்கள் என்று கேட்டாள்.

அதற்குள் பன்வில பஸ்ஸில் அவள் ஏறினால் பக்கத்துப் பெண்கள் பையை மடிக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, நாள் சரியில்லை என்றார்கள். அவளுடைய அப்பா தோட்டக் கோவில் கமிட்டியில் உண்டியல் சாவி வைத்திருந்தவர். அந்தச் சாவியை மரியாதையாக, தேநீர் கொடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

நான் விளம்பரம் எழுதவில்லை. ஒன்பது வரியில் செய்தி எழுதினேன். அதற்கு முன் அலவத்துகொடைக்குப் போய் நியாஸ் நானாவைக் கண்டேன். அவர் வாசலிலேயே வைத்து நடந்ததைச் சொன்னார்.

"நான் பக்கத்துலதான் இருந்தேன் தம்பி. அந்தப் புள்ள சொன்னது உண்மை. லோகநாதனுக்கும் அது தெரியும். ஆனா எழுத்துல மட்டும் கேக்க வாணாம், எனக்கு நாலு புள்ள."

ஆசிரியர் என் ஒன்பது வரியை வாசித்தார். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எழுத்துல ஆதாரம் இருக்கா? கொண்டாங்க, போடுவோம்."

அச்சுக்குப் போகாத தாள்களைக் குத்தி வைக்கும் கம்பியில் என் செய்தியும் ஏறியது. மூன்று வருடம் கழித்துத் தவமணியை நான் திருமணம் செய்தேன். அதனால் அந்த மாப்பிள்ளை வீட்டார்மீது எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை.

4

லண்டனில் தவமணி எப்படி வேலை செய்கிறாள் என்று சொல்லவேண்டும். குணமாகிப் போகும் நோயாளி ஒருவர் சாக்லேட் பெட்டி கொடுத்தால், அவள் அதை வாங்கிய கையோடு பொறுப்புத் தாதியிடம் போவாள். தேதி, நேரம், யார் தந்தது, என்ன தந்தது என்று வார்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்வாள். தாதிகள் சிரிப்பார்கள். இது பரிசுதானே, எடுத்துக்கொண்டு போ என்பார்கள். எழுதாமல் அவள் எடுத்ததில்லை. இருபது வருடத்தில் அப்படி எத்தனை புத்தகம் நிரம்பியதோ தெரியாது. மகள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், அம்மாவுக்கு ஏன் யார் எது கொடுத்தாலும் பயம் என்று கேட்டாள். நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம்.

கப்பலில் லோகன் தினமும் காலை பத்தரைக்கு வந்தார். அவர் தவமணியை அடையாளம் காணவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட மெலிந்த பெண்ணைத்தான் அவருக்குத் தெரியும். இவள் முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக்காரி. அம்மா என்று கூப்பிட்டார்.

அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன். அவசரம் மட்டும் இருந்தது. முன்பு பதினான்கு அறை பார்த்தாராம், இரண்டு நேரமும். மாலைச் சேவையை நிறுத்தியதும் உதவிக்கு இருந்த ஆளை எடுத்துவிட்டு இருபத்திரண்டு அறை கொடுத்தார்களாம். ஒரு நேரந்தானே என்று சொன்னார்களாம். "ஒரு நேரந்தான் சேர். ஆனா ரெண்டு நேர அழுக்கு," என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எதிரறைக்காரர், துவாயைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று அவரிடம் சத்தம் போட்டதை நான் நடைபாதையில் நின்று கேட்டேன். நிறுவனம் செலவைக் குறைத்துவிட்டு, அதற்கான ஏச்சை வாங்கிக்கொள்ள அவரைக் கதவருகே நிறுத்தி வைத்திருந்தது. அது எனக்கு விளங்கியது. ஆனாலும் அன்று எனக்கு அவர்மீது இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய்.

மூன்றாம் நாள், தகவல் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். சேவைக் கட்டணத்தைக் கணக்கிலிருந்து நீக்கும்படி பயணி கேட்கலாம் என்றிருந்தது. அதன் கீழே ஒரு வரி. கட்டணத்தை நீக்கிய பயணியிடமிருந்து பணியாளர் கையில் வாங்கும் எந்தப் பணத்தையும் மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அது பொதுவில் சேர்த்துப் பிரிக்கப்படும். ஒப்படைக்காதது ஒழுக்க மீறல்.

தவமணி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அப்ப நம்ம கட்டணத்த எடுத்துட்டா, அவரு கையில வாங்குறது பெட்டிக்குப் போகணும்?"

"போகணும்."

"எடுத்துருங்க."

அவருக்குக் கிடைக்கும் காசை நிறுத்திப் பழிவாங்கச் சொல்கிறாள் என்று நினைத்து, நான் உடனே எழும்பிப் போனேன். வரவேற்பு மேசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். எல்லோரும் அதற்குத்தான் நின்றார்கள். மேசையிலிருந்த பெண் காரணம் கேட்டு, திரையில் ஒரு பட்டியலைக் காட்டினாள். சேவையில் திருப்தி இல்லை. பணியாளரின் நடத்தை. கையால் கொடுக்க விரும்புகிறோம். என்னுடைய காரணம் பட்டியலில் இல்லை. பழைய விளம்பர மேசை நினைவுக்கு வந்தது. மூன்றாவதைத் தெரிவு செய்தேன். கட்டணம் நீக்கிய அறைகளின் பட்டியல் நாளைக் காலை உங்கள் பணியாளருக்கும் போகும் என்றாள்.

அன்று மகளோடு வீடியோவில் பேசியபோது நான்தான் உளறிவிட்டேன். தவமணிக்கு நடந்ததை அவள் முழுமையாகக் கேட்டது அப்போதுதான். பிறகு தன் தமிழில் சொன்னாள்:

"அந்த லீஃப் மணிக்காகவா? அப்பா, அந்த அங்கிளும் க்ளீனர். அம்மாவும் க்ளீனர். நீங்க கம்பெனி மேல கோபப்படணும்."

அவள் சொன்னது சரி. அவளுக்குக் கைவிசேஷம் என்ற சொல் வராது. நாங்கள் அதைக் கொடுத்து வளர்க்கவில்லை. தவமணி வெற்றிலையில் காசு வைத்து யாருக்கும் கொடுத்ததே இல்லை. வீட்டில் புத்தாண்டுக்குப் பால் பொங்கும், உடுப்பு வாங்குவோம், அதோடு சரி. லோகநாதனுடைய ஒரு வரி எங்கள் வீட்டுக்குள்ளும் அந்த வழக்கத்தை இல்லாமல் செய்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

5

புத்தாண்டு ஏழாவது நாள் வந்தது. கரை இல்லாத நாள், நாலு பக்கமும் கடல்.

அறையின் சின்னக் குளிர்சாதனப் பெட்டியில், பியர் டின்களுக்குப் பின்னால், ஈரத் துணியில் சுற்றிய ஐந்து வெற்றிலை இருந்தது. ஈஸ்ட்ஹாம் கடையில் வாங்கியதாம். புறப்படும்போதே எடுத்து வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "வாங்கணும்னு தோணிச்சு," என்றாள். கப்பலில் யார் இருப்பார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அதனால் அதை நம்புகிறேன்.

பஞ்சாங்க நேரத்தை நாலரை மணித்தியாலம் பின்தள்ளிக் கணக்குப் பார்த்தாள். கப்பல் கடிகாரத்தில் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் விழுந்தது. தலை முழுகி, பட்டுச் சேலை உடுத்தி, கட்டிலில் உட்காராமல் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். லோகன் தட்டினார். உள்ளே வந்தவரிடம், கையைக் கழுவிவிட்டு வரும்படி சொன்னாள்.

வெற்றிலையில் இருபது பவுண் தாளை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கைவிசேஷம்."

அவர் உடனே வாங்கவில்லை. கைகளைச் சட்டையில் ஒருதரம் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

"எங்கம்மா செத்தபொறகு யாரும் குடுத்ததில்லம்மா."

வெற்றிலையோடு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். விரிப்பை மாற்றினார். மூலையில் இரண்டு தட்டுத் தட்டினார். போனார்.

தவமணி கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு எழும்பி, கைப்பையை எடுத்துக்கொண்டு, வரவேற்பு மேசைக்கு வரும்படி என்னைக் கூப்பிட்டாள். அங்கே போய், தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில், தெளிவாக, நிதானமாகக் கேட்டாள். எங்கள் அறைப் பணியாளருக்கு இன்று காலை இருபது பவுண் கொடுத்தேன். எங்கள் கணக்கில் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதா?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வரிசையில் நின்றது அவர் காசை நிறுத்துவதற்காக அல்ல.

6

மேசைக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஒரு சிறு அறை. வீட்டுப் பராமரிப்பு அதிகாரி நாற்பது வயதுப் பெண், எந்த நாட்டவர் என்று நான் விசாரிக்கவில்லை. மேசையில் ஒரு படிவம் இருந்தது. லோகன் நின்றுகொண்டிருந்தார். தவமணிக்கும் எனக்கும் கதிரை தந்தார்கள்.

பயணியிடம் பணம் வாங்கினாயா என்று அதிகாரி கேட்டார். வாங்கினேன் என்றார் லோகன். ஏன் ஒப்படைக்கவில்லை?

"இது டிப்ஸ் அல்ல மெடம்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "இன்று எங்கள் புத்தாண்டு. எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல நேரத்தில் வெற்றிலையில் வைத்துக் கையில் தருவார்கள். இதைச் செலவழிக்கமாட்டோம். பிரித்துக் கொடுக்கவும் மாட்டோம். இந்த அம்மாவிடம் கேளுங்கள்."

சட்டைப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மேசையில் வைத்தார். வாடியிருந்தது. தாள் உள்ளேயே இருந்தது.

அதிகாரி தவமணியிடம் திரும்பினார். அப்படி ஒரு வழக்கம் உங்கள் மக்களிடம் இருக்கிறதா?

தவமணி பதில் சொல்லவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, விநாடி முள்ளோடு. பதினாறு விநாடி. அந்தப் பதினாறு விநாடியில் லோகன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார், சொல்லுங்கம்மா என்பதுபோல. பிறகு அசைப்பதை நிறுத்தினார். அவள் இல்லை என்று சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சொன்னால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். எனக்கும் அதுதான் நெஞ்சில் இருந்தது. சொல்லட்டும் என்று நான் விரும்பினேன்.

தவமணி அவரிடம் தமிழில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"பன்வில தவமணி. வாவிக்கு மேல ஹோட்டல். நூறு ரூவா, வெத்தலையில."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றார்.

"இப்ப சொன்னத இந்தம்மாகிட்ட இன்னொருக்கா சொல்லுங்க. நான் சரியாக் கேக்கல."

அவர் சொன்னார். எங்கள் மக்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. இது டிப்ஸ் அல்ல. இரண்டாவது தடவை அவருடைய ஆங்கிலம் தடுமாறியது. அதிகாரி குழம்பி என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"ஆமாம்," என்று தவமணி ஆங்கிலத்தில் சொன்னாள். "இருக்கிறது. அவருக்கு அது எப்போதுமே தெரியும். எழுதி வாங்குங்கள்."

அதிகாரி எழுத்தில் வாங்கத்தான் வேண்டியிருந்தது. படிவம் அப்படி. லோகன் உட்கார்ந்து எழுதினார். எங்கள் மக்களிடம் இந்த வழக்கம் உண்டு, சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும், இது டிப்ஸ் அல்ல என்று ஒன்பது வரி வந்தது. முழுப் பெயர், சொந்த ஊர், கையொப்பம். தவமணி அதன் பிரதி ஒன்று வேண்டும் என்றாள். பணியாளரின் வாக்குமூலத்தைப் பயணிக்குக் கொடுக்க விதியில்லை என்றார் அதிகாரி. அப்படியானால் இவர்மீது நான் முறைப்பாடு செய்ய வேண்டியிருக்கும், முறைப்பாடு வேண்டாமென்றால் பிரதி வேண்டும் என்றாள் தவமணி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லோகன் அதிகாரியிடம், எனக்கு ஆட்சேபனை இல்லை, கொடுங்கள் மெடம் என்றார். பிரதி இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்தது.

வெற்றிலையும் இருபது பவுண் தாளும் திரும்ப அவர் பைக்குள் போயின. டிப்ஸ் அல்ல என்று பதிவாகிவிட்டதால், பொதுவில் சேர்க்கத் தேவையில்லை.

7

மறுநாள் வழக்கம்போல் பத்தரைக்கு வந்தார். துடைத்தார். மெத்தையைத் தட்டவில்லை. கதவருகே நின்று, வெள்ளைக்காரன் முன்னால் தோட்டத்துப் பழக்கம் என்று சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது என்றார். டை கட்டி இரண்டு வருடம்தானாம். சொன்ன உடனே திருத்தலாம் என்று நினைத்தாராம், மேலாளர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டாராம். இருபத்தெட்டு வருடத்துக்கு இதுதான் விளக்கம். நான் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதை முழுவதுமாக இங்கே கொடுத்திருக்கிறேன். எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது தொழில் முறை.

பிறகு நான் பத்திரிகையில் இருந்தவன் என்று அறிந்து, கையைப் பிசைந்தார்.

"பேரு மட்டும் போட்டுறாதீங்க சேர். மகளுக்குப் பன்விலயில பேசி முடிச்சிருக்கு."

தவமணி உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

"எனக்கும் பன்விலயில பேசி முடிச்சிருந்தாங்க."

அவர் நின்றார்.

"உங்க மகளுக்குக் கல்யாணம் நிக்காது. நீங்க எழுதின தாள்ல பொய் இல்லையே. அப்பன் உண்மையச் சொன்னான்னு நிக்கிற கல்யாணமா இருந்தா நிக்கட்டும்."

அவர் போனபிறகு, கட்டணத்தைத் திரும்பக் கணக்கில் போட்டுவிட்டு வரும்படி என்னிடம் சொன்னாள். வேலை செய்தாரே, வேலைக்குக் காசைக் கொடுங்கள், அது வேறு இது வேறு என்றாள். மேசைப் பெண்ணுக்கு அதற்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. கடைசி நாள் மதிப்பீட்டுப் படிவத்தில் பணியாளருக்கு முழுப் புள்ளியும், ஒரு நேரச் சேவைக்கு இரண்டு நேரக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்குப் பூச்சியமும் இட்டேன். மேலதிகக் கருத்துக்கு விட்டிருந்த இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

லண்டனில், சாமிப் படத்துக்கு முன்னால், இருபத்தெட்டு வருடமாக ஒன்றும் வைக்காமல் விட்டிருந்த இடத்தில் அந்தப் பிரதி இப்போது இருக்கிறது. பழிவாங்கியது போதுமா என்று தவமணியிடம் கேட்டேன். தாள் கண்டிக்குப் போய்ச் சேரட்டும் என்றாள். பஸ்ஸில் பையை மடிக்கு எடுத்துக்கொண்டவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்களாம்.

ஆகவே, நான் முன்பு வேலை செய்த இதழின் ஆசிரியர் கதிரையில் இப்போது இருப்பவருக்கு: உங்களுக்கு முன் அங்கே இருந்தவர் என்னிடம் ஒரு ஆதாரம் கேட்டார். கொண்டுவந்தால் போடுவோம் என்றார். பன்வில தவமணி டிப்ஸ் திருடவில்லை. ஒன்பது வரி, எழுத்தில், இத்துடன் இணைத்திருக்கிறேன். கையொப்பத்துக்குக் கீழே பெயர் தெளிவாகத் தெரிகிறது. அதை அச்சில் சிறிதாக்க வேண்டாம்.